சாம்பல் பிரேமில் ஒரு தாய்மாமன்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலில் வாழ்த்துகள். உங்கள் திரையில் பிரேம் வகைகள் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கின்றனவாம். தங்கம், வெள்ளி, வானவில் பளபளப்பு, எரிமலை, டிராகன் செதில், உடைந்த கண்ணாடி. என் காலத்தில் மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டே மனிதர்களைப் போதிய அளவுக்குப் புண்படுத்தினோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். உங்களிடம் இருக்கும் வசதிக்கு இன்னும் பெரிதாகச் சாதிப்பீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். ஐம்பத்திரண்டு வயதில், கண் இரண்டும் ஒத்துழைக்க மறுத்துக் கடையை விட்டுப் போனவளுக்கு 'ஓய்வு பெற்ற மூத்த வடிவமைப்பாளர்' என்று ஒரு பட்டமும் கொடுத்திருக்கிறார். வேலையில் இருந்தபோது இந்த 'மூத்த' எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. பெரிய மனது எனக்கு.

கணினியில் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களுக்குக் காணொளிகள் சொல்லும். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தாவில், ரொட்டி சானாய் கடைக்கு மேல்மாடியில், எண்ணெய் வாசனையோடு நாம் செய்யும் தொழில் என்ன? யாரோ ஒருவருடைய முகத்தை உள்ளங்கை அளவு அட்டையில் போட்டு, அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்துக் கொடுக்கிறோம். பிள்ளைகள் மாற்றி மாற்றி விளையாடுகிற சேகரிப்பு அட்டை போலவே இருக்கும், முகம் மட்டும் வாடிக்கையாளருடையது. பூப்பந்துக் குழுவுக்கு, பிறந்தநாளுக்கு, காப்புறுதி முகவருக்கு. (நெருப்புப் பிரேம் கேட்ட அந்த முகவரை நான் மறக்கவில்லை. தீ விபத்துக் காப்புறுதிதான் விற்றுக்கொண்டிருந்தார்.) முகம் அவர்கள் கொண்டு வருவது. கோடு நம்முடையது. அந்தக் கோட்டால் ஒரு கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாப்பிள்ளையின் பெயர் விக்னேஷ். சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியலில் இரண்டாம் பாலத்தைத் தாண்டி, பொழுது சாய்ந்து திரும்புகிறவர். அப்படிப் போய் வருகிற ஆட்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருப்பதே அதிசயம். இவருக்கு இருந்தது. சிறு வயதிலிருந்தே சேகரிப்பு அட்டை. அதனால் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு டோர் கிஃப்ட்டாக லட்டும் ஊறுகாய் பாட்டிலும் வேண்டாம், ஐந்து அட்டை போட்ட ஒரு வெள்ளி உறை கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருந்தார். இரண்டு வீட்டிலுமாகப் பன்னிரண்டு முக்கியமான சொந்தக்காரர்கள், ஆளுக்கோர் அட்டை. எந்த உறையில் யார் இருப்பார் என்று பிரித்தால்தான் தெரியும். விருந்தாளிகள் மேசை மேசையாகப் போய் மாற்றிக்கொள்வார்களாம். கேட்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது.

பிரேம் மூன்று வகை வேண்டும் என்றார். தங்கப் பளபளப்பு குறைவாக அச்சாகும், கிடைத்தால் அதிர்ஷ்டம். வெள்ளி நடுத்தரம். சாம்பல் நிறையக் கிடைக்கும், எல்லார் கைக்கும் வரும். இந்த விளையாட்டில் பிரேம்தான் சாதிச் சான்றிதழ். யாருக்கு எது என்று கேட்டேன்.

"நீங்களே பாத்துப் போடுங்கக்கா. உங்களுக்குத்தான் டேஸ்ட் இருக்கு."

இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் உடனே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அவர் கிளம்பும்வரை வெளியே வராதீர்கள். நான் போகவில்லை. புகழ்ச்சிக்கு மயங்கி உட்கார்ந்தேன்.

என் கணக்கு எளிமையானது. ஸ்டூடியோவில் எடுத்த தெளிவான படத்துக்குப் பளபளப்பு தாங்கும். மங்கலான படத்துக்குப் பளபளப்புப் போட்டால் முகம் செத்துவிடும், அதற்கு அடக்கமான பிரேம்தான் மரியாதை. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில், மூன்று பக்கமும் விளக்கு வைத்து எடுத்த படம் அனுப்பியிருந்தார். தங்கம். பெண்ணின் தாய்மாமன் படம் வாட்ஸாப்பில் பத்துக் கை மாறி வந்தது, தேய்ந்துபோயிருந்தது. அதிலும் பக்கத்தில் இன்னோர் ஆள். மாமாவை மட்டும் போடச் சொல்லியிருந்தார் விக்னேஷ். வெட்டினேன். சாம்பல் போட்டேன். தொழில்முறையில் அப்பழுக்கற்ற முடிவு.

இதே கடையில் எத்தனை வருடம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்திருக்கிறேன். பெரியப்பா பெயர் மேலா, தாய்மாமன் பெயர் மேலா என்று இரண்டு குடும்பம் என் மேசைக்கு முன்னால் நின்று, எச்சில் தெறிக்க, எழுத்தின் அளவை அடிக்கோல் வைத்து அளந்ததைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பத்திரிகைக்குத்தான், அட்டை வெறும் விளையாட்டு என்று என் மண்டை எப்படியோ தீர்ப்பு எழுதிவிட்டது. போதாததற்கு, யாரும் கேட்காமலே, பதின்மூன்றாவதாக ஒரு விளக்க அட்டையும் வடிவமைத்தேன். தங்கம்: மிக அரிது. வெள்ளி: அரிது. சாம்பல்: சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் கீழே யார் யார் பெயர் என்ற பட்டியலோடு. அழகான எழுத்துரு. அதற்கு எனக்கு யாரும் விருது தரவில்லை.

விக்னேஷ் மாதிரிப் படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். 'சாதாரணம்' என்பதற்குக் கீழே தாய்மாமன் பெயர் முதலாவது. அடுத்த பத்து நிமிடத்தில், மாமா காமன் கார்டு லா என்று ஒருவர், நாலு மாமா குடுத்தா ஒரு தங்க அத்தை கிடைக்குமா என்று இன்னொருவர், கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மை முகங்கள். மாமா குழுவிலிருந்து வெளியேறினார். அப்புறம் பெண்ணுக்குப் போன் போட்டு, கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன், மேடைக்கு என்னைக் கூப்பிடாதே என்றார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. இது செவ்வாய்.

புதன்கிழமை மாலை பெண் கடைக்கு வந்தாள். தர்ஷினி. தொழிற்சாலை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது, காலணியில் வேலைத்தளத்துத் தூசி. கத்துவாள் என்று எதிர்பார்த்து முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒன்பது வயதில் அம்மா போன பிறகு லாபிஸில் தன்னை வளர்த்தது இந்த மாமாதான் என்றாள். பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அப்பாவைப் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. மாமாதான் மாலை போட்டு மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும்.

"அந்த சாம்பல் கலரு நீங்க செலக்ட் பண்ணதாக்கா?"

நான்தான் என்றேன்.

"மாமா மேடை ஏறலன்னா நானும் ஏற மாட்டேன். விக்கிகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான். காப்பி வேண்டாம் என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

உடனே நம் கடையில் அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. முதலாளி ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பலாம் என்றார், கடையின் முத்திரையோடு. விக்னேஷ் போனில், எல்லாருக்கும் தங்கம் போட்டுவிடலாமா என்று கெஞ்சினார். நான் அதைவிடப் புத்திசாலி. மாமாவுக்கு மட்டும் தங்கம், அதுவும் மாப்பிள்ளையின் அம்மாவைவிட ஒரு சுற்று கூடுதல் பளபளப்பு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது என்றேன். வெட்டு மெஷினில் இருந்த அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதவில்லை. வாரத்துக்கு மொத்தம் பத்து வாக்கியம் பேசுவார். அன்றைக்கு நான் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது ஒன்றைச் செலவழித்தார்.

"கேக்கப் போறியா, குடுக்கப் போறியா?"

இரண்டும்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய். கொடுக்கத்தான் போனேன்.

வியாழன் காலை. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை, செம்பனை, மறுபடி செம்பனை. ஒரே படத்தை ஒட்டி ஒட்டி வைத்த சோம்பேறி வடிவமைப்பு. கார் கண்ணாடியில் வெயில் ஏறஏற, என் வாயில் ஒரு பேச்சு ஊறிக்கொண்டே வந்தது. தாய்மாமன் என்றால் யார், தமிழர் மரபில் அவருக்கு என்ன இடம், தங்கம்கூடத் தகுமா. சாலையோரம் மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கும் ஆயர் ஈத்தாமில் நிறுத்தி அந்தப் பேச்சை மனப்பாடம் செய்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல் ஒரு பூந்தொட்டியும் வாங்கினேன். மனிதர் மனம் உடைந்திருக்கிறார், மண்சட்டி கொண்டு போகிறேன். என்ன அறிவு.

லாபிஸில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் லாரி. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தவர் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, உள்ளே வாங்கம்மா என்றார். கோபக்காரர் ஒருவரைச் சந்திக்கத் தயாராகிப் போனவளுக்கு மரியாதை மாதிரி ஒரு தண்டனை கிடையாது. காப்பி வந்தது. பிஸ்கட் வந்தது. பூந்தொட்டியை வாங்கிச் சன்னலோரம் வைத்தார். நான் பேச்சை ஆரம்பித்து, மரபு வரைக்கும் வந்து, தங்க அட்டையை நீட்டினேன்.

வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். பளபளப்பு சுவரெல்லாம் ஓடியது.

"இதுல நான் எங்கம்மா?"

நியாயமான கேள்வி. அந்தப் படத்துக்குப் பளபளப்புத் தாங்காது என்று சொன்னவளே நான்தானே. தங்கத்துக்கு நடுவில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் இருந்தது. நான் விடவில்லை. சாம்பல் என்பது குறைவு அல்ல, படத்தின் தரத்தைப் பொறுத்தது, உங்கள் தகுதியை அல்ல, தவறு என்னுடையதுதான் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையை லேசாகத் தூக்கினார். நிறுத்தினேன்.

"காமனோ கீமனோ, அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. லாரி ஓட்டுறவன் காமன்தான். அதுக்கா நான் கோச்சிக்கிறேன்?"

போனை எடுத்து, வாட்ஸாப்பில் வந்த சாம்பல் அட்டையைத் திறந்து, விரலால் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். பிரேமின் இடது ஓரம். அவருடைய தோள். தோளின் மேல் நாலு விரல்.

"இந்தக் கை யாருதுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆனால் பார்த்திருந்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெட்டும்போதே பார்த்தேன். சுத்தம் செய்ய வேண்டிய கறை என்று நினைத்தேன். தோள் மேல் சட்டைத் துணியை இழுத்து மூடிவிடலாம், நேரமில்லை, சின்னதாக அச்சாகும்போது யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். விரல்கள் நாலும் தெளிவாகத்தான் இருந்தன. அந்தப் படத்திலேயே தெளிவாக இருந்தவை அவைதான்.

"எங்கக்கா கை. அவளை வெட்டிப் போட்டுட்டு கைய மட்டும் வச்சிருக்கீங்க. அதுக்குக் கீழ எல்லாரும் சிரிக்கிறாங்க."

தர்ஷினியின் அம்மா. மனப்பாடம் செய்த பேச்சில் இதற்கு வரி இல்லை. இதைப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் உங்களுக்கு 'சாதாரணம்' என்று போட்டதில் வருத்தம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நெனச்சிட்டுப் போட்டும். மாமனுக்கு ரோசம்னு நெனச்சா ரெண்டு நாள்ல மறந்துருவா. அம்மாவ வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சா மணவறையில ஒக்காந்துட்டு அதையேதான் நெனைப்பா."

தம்பி தங்கைகளே, குழுவிலிருந்து வெளியேறியவர், மேடை வேண்டாம் என்றவர், ஊரே ரோசக்காரர் என்று முடிவு கட்டியவர். அவருடைய அந்தக் கோபம், ஒரு சின்னப் பெண் அழாமல் இருப்பதற்காக மேலே இழுத்துப் போர்த்திய போர்வை. அதன் மேல் நான் தங்கம் பூசக் கொண்டு போயிருக்கிறேன், எண்பது சதவீதப் பளபளப்பில்.

அப்போதுதான் கேட்டேன். என்ன செய்யட்டும் என்று. வெட்டு மெஷின் அண்ணன் ஒரே வாக்கியத்தில் சொன்னதைக் கேட்க எனக்கு இத்தனை தூரமும் இரண்டு காப்பியும் தேவைப்பட்டன.

"போட்டா முழுசா போடுங்க. இல்லன்னா என்னையும் எடுத்துருங்க."

முழுப் படம் சுவரில் இருந்தது. புது லாரிக்கு முன்னால், கம்பு முழுங்கினவர் போல விறைத்து நிற்கும் இளம் வயது மாமா. தோளில் கை போட்டு, கண்ணைச் சுருக்கி, வெயிலைப் பார்த்துச் சிரிக்கும் அக்கா. படத்தின் கண்ணாடியைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் வைத்து, என் போனில் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வருவீர்களா என்று வாசலில் நின்று கேட்டேன். பார்த்துப் போங்கம்மா, வழியில யோங் பெங் பக்கம் மழை என்றார்.

கடைக்குத் திரும்பியதும் அடுத்த தப்பைத் தொடங்கினேன். இறந்தவர் படம் கைக்கு வந்தால் நம் விரல் தானாகவே கறுப்புப் பிரேமுக்குப் போகும், உங்களுக்கும் போகும், நினைவஞ்சலி விளம்பரம் செய்து செய்து பழகிய விரல். கறுப்புப் போட்டேன். அண்ணன் பின்னால் நின்று பார்த்தார்.

"அந்தம்மா சிரிக்கிறாங்க."

எடுத்தேன். முழுப் படத்தையும் ஒரே அட்டையில் போட்டால் லாரி மட்டும்தான் தெரிந்தது, மனிதர்கள் கடுகு. அதனால் இரண்டு அட்டை. ஒன்றில் மாமா, ஒன்றில் அக்கா, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே படம். அப்படியானால் நடுவில் கோடு இருக்கக் கூடாது. இரண்டு பிரேமிலும் உள்பக்கத்தை அழித்தேன். மூன்று பக்கம் மட்டும். கை அந்தத் திறந்த பக்கத்தின் வழியாகத் தாண்டிப் போய்த் தோளில் விழுந்தது. நிறம்? அதே சாம்பல்தான். அவர் பதவி உயர்வு கேட்கவில்லை. விளக்க அட்டையை மட்டும் குப்பையில் போட்டேன். தங்கத்திலிருந்து கீழே இறங்கச் சொல்லி மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேச எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் தங்கத்திலேயே இருந்தார்.

விக்னேஷ் தயங்கினார். நல்ல காரியத்தில் இறந்தவர் படத்தை விருந்தாளிகள் கையில் கொடுப்பதா, அம்மா என்ன சொல்வாரோ என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. பெண்ணிடம் கேளுங்கள் என்றேன். கேட்பது என்ற கலையை அன்றுதான் கற்றிருந்தேன், எல்லாருக்கும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, தர்ஷினியே வந்தாள். மாதிரி இரண்டையும் மேசையில் வைத்தேன். தள்ளித் தள்ளி வைத்திருந்ததை அவள் தன் விரலால் நகர்த்தி ஒட்டினாள். கை தோளில் சேர்ந்தது.

"மாமா இதுக்காகவா கோச்சிக்கிட்டாரு?"

எனக்குத் தெரியாதும்மா என்றேன். தொழிலில் நான் சொன்ன பொய்களில் கொஞ்சம் உருப்படியானது அதுதான். அவள் நம்பினாளா என்று தெரியாது. போடுங்கக்கா என்றாள். விக்கியின் அம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

பிறகு நடந்தது உங்களுக்குப் பிடித்த பகுதி, வேலை. நம் அட்டைகளுக்கு நாலு மூலையும் வளைவாக வெட்டுகிற வழக்கம். சேரும் பக்கத்து மூலைகளையும் வளைத்தால், ஒட்டி வைக்கும்போது நடுவில் மேலும் கீழும் எலி கடித்தது போல ஓட்டை விழும். உள்மூலைகள் கூராக இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பழக்கதோஷத்தில் முதல் அட்டைக் கட்டில் நாலு மூலையையும் வளைத்துவிட்டேன். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார், வாக்கியம் செலவழிக்கவில்லை. கட்டைத் தூக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டு, மறுபடி அச்சடித்து, ஒவ்வொன்றாகக் கையால் திருப்பி, இரண்டு மூலை மட்டும். மத்தியானச் சாப்பாடு இல்லை. கீழே ரொட்டி தட்டும் சத்தம், மேலே மூலை வெட்டும் சத்தம், டக், டக், மழை பிடித்த ஒரு தகரக் கூரை போல அந்த மதியம் முழுக்க. நானூறு மூலைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை, கூட்டம் ஆகாது அவருக்கு. நான் மண்டபத்தின் கடைசி வரிசையில், ஓடிப்போக வசதியான நாற்காலியில் உட்கார்ந்தேன். நாதஸ்வரம் தொடங்கி வெகு நேரமாகியும் மணவறைப் பக்கம் மாமாவைக் காணவில்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார். ஐயர் இரண்டு முறை பெண்ணை அழைத்தார். மணப்பெண் அறைக் கதவு மூடியே இருந்தது. என் பக்கத்து நாற்காலிக்காரி உறையைப் பிரித்து, இது யாருன்னே தெரியலையே, இதுக்கு இன்னொரு பாதி இருக்கும் போல என்று எழுந்து அடுத்த மேசைக்குத் தேடிப் போனாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. மாலை போட்ட பெண், அவள் கையைப் பிடித்தபடி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் மாமா. நடக்கப் பழகாத வேட்டி. இருவரும் யாரையும் பார்க்காமல் நேரே நடந்து போய் மேடை ஏறினார்கள்.

தாலி ஏறியது. அப்புறம் படம் எடுக்கும் சடங்கு, அதுதான் இப்போதெல்லாம் உண்மையான கல்யாணம். பெண் வீட்டார் என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை, பெண், பெண்ணுக்குப் பக்கத்தில் மாமா. பக்கத்தில் என்றால் ஒட்டி அல்ல. பெண்ணுக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றார். படம் எடுக்கிற இளைஞர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அங்கிள், கொஞ்சம் கிட்ட வாங்க. நடுவுல கேப் தெரியுது."

மாமா நகரவில்லை. இளைஞர் மறுபடி சொன்னார், கையாலும் காட்டினார். விக்னேஷ் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். தர்ஷினி அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். அவளும் அவர் பக்கம் நகரவில்லை.

"கேப் இல்ல தம்பி," என்றார் மாமா. "எடுங்க."

எடுத்தார்.